பதினாலாவது தாள்

செங்காட்டுப்புதூர் வானத்தில் ஒரு விமானம் வருஷக்கணக்கில் இறங்காமல் சுற்றியது என்பதையும், அதற்குள் மில் முதலாளி பொங்கியண்ணன் உட்கார்ந்திருந்தார் என்பதையும் அந்தப் பக்கத்தில் யாரும் அதிசயமாகச் சொல்வதில்லை, மழை பொய்த்த ஒரு வருஷத்தைச் சொல்வது போலத்தான் சொல்கிறார்கள். ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால் பூவாத்தாளைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த விமானம் அவளுடையது.

பூவாத்தாள், பவுண்டரிகளுக்கு மர அச்சு செதுக்கும் வேலப்பனின் மூத்த மகள். அவளுக்குப் பதிமூன்று வயதானபோது வழிதவறி ஒரு வெள்ளைக்காரனின் விமானம் சோளக்காட்டில் இறங்கியது. அவன் பெட்ரோல் தேடி மெயின் ரோட்டுக்கு நடந்துபோன அரை நாளில், ஊர் முழுக்க அதைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டிருக்க, இவள் மட்டும் காய்ந்த பருத்திமார்க் குச்சி ஒன்றை உடைத்து எடுத்து மூக்கிலிருந்து வால் வரைக்கும் அளந்தாள். எழுதத் தாள் இல்லாததால் அளவுகளை ஒரு சணல் கயிற்றில் முடிச்சு முடிச்சாகப் போட்டுக்கொண்டு வந்தாள். இருபத்திரண்டு வயதில் மூங்கிலும் வேட்டித் துணியும் புளியங்கொட்டைப் பசையும் வைத்து அவள் கட்டிய முதல் பறக்கும் இறக்கையை, அவளுடைய தம்பி சென்னியப்பன் கரட்டுக் குன்றின் மேலிருந்து தோளில் மாட்டிக்கொண்டு குதித்து, மூன்று காடு தாண்டிப் போய் நின்று, அங்கே களை எடுத்துக்கொண்டிருந்தவர்களிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டான். அன்றிலிருந்து அக்காள் கட்டுவதை ஓட்டுவது தம்பியின் வேலை. அவள் சரியென்றால் அவன் ஏறுவான். ஏன், எப்படி என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

நூல் மில் வைத்திருந்த பொங்கியண்ணன் மில்லுக்குப் பின்னாலிருந்த பஞ்சுக் கிடங்கைக் காலி செய்து கொடுத்தார். ஏழு வருஷத்தில் அந்தக் கிடங்கிலிருந்து பதினோரு விமானங்கள் வெளியே போயின; தேயிலைத் தோட்டத்துத் துரைக்கு இரண்டு, தபால் கொண்டுபோக மூன்று, தெற்கே ஒரு சமஸ்தானத்துக்கு ஒன்று என்று போய்க்கொண்டே இருந்தன, ஒன்றுகூட விழவில்லை. பேப்பர்க்காரர்கள் வந்தபோது முதலாளி முன்னால் நின்றார், பூவாத்தாள் உளியோடு பின்னால் நின்றாள். அது அவளுக்கு ஒரு குறையாகவே படவில்லை.

பன்னிரண்டாவது விமானம் கவர்னர் பார்க்கும் கண்காட்சிக்குப் போக வேண்டியது. இறக்கைக்குள் நீளமாக ஓடும் முதுகுக்கட்டைக்கு மலையிலிருந்து வந்த மரம் இன்னும் காயவில்லை. எட்டு மாதம் காய வேண்டிய மரத்தை மூன்று மாதத்தில் எடுத்துப் பூட்டச் சொல்லிவிட்டார் முதலாளி. பூவாத்தாள் கட்டையைத் தட்டிப் பார்த்தாள், ஈரச் சத்தம் வந்தது. இறக்கை மேலேயே சாக்பீஸால் 'ஏறக் கூடாது' என்று பெரிதாக எழுதிவிட்டு, வேறு மரம் பார்க்க அன்று காலையே மலைக்குப் பஸ் ஏறினாள். அவள் பஸ் ஏறின கொஞ்ச நேரத்தில் முதலாளி தன் தோள் துண்டாலேயே அந்த எழுத்தைத் துடைத்தார். சென்னியப்பன் வந்து, "அக்கா என்ன சொல்லுச்சுங்க?" என்று கேட்டான்.

"உங்கக்கா சரின்னுட்டுத்தான் போயிருக்குது, ஏறு" என்றார் பொங்கியண்ணன்.

நாலாவது சுற்றில் இடது இறக்கை முறிந்தது.

விசாரணைக்கு வந்த அதிகாரிகளிடம் முதலாளி, படத்தில்தான் தப்பு, பொம்பளை போட்ட படம், நம்பி ஏமாந்துவிட்டேன் என்று சொன்னார். சாக்பீஸ் எழுத்தைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். எல்லோருக்கும் மில்லில் வேலை இருந்தது. இனி அவள் விமானம் கட்டக் கூடாது என்று கடிதம் வந்தது, கிடங்கின் பூட்டு மாற்றப்பட்டது, பதினோரு விமானங்களின் பின்னாலும் இருந்த அவள் பேர் அழிந்து பொங்கியண்ணன் பேர் ஏறியது. பூவாத்தாள் திரும்பவும் அப்பனின் பட்டறையில் உட்கார்ந்து பம்பு செட்டுக்கு மர அச்சு செதுக்கினாள். அழுததை யாரும் பார்க்கவில்லை. தம்பியைப் பற்றிப் பேச்செடுத்தால் உளியைக் கீழே வைக்காமல், "ஆமாங்க" என்று மட்டும் சொல்வாள், அந்த ஆமாங்கவைக் கேட்டவர்கள் இரண்டாம் தடவை பேச்செடுக்க மாட்டார்கள்.

ஆனால் வீட்டுக்குள் அவள் இன்னொரு விமானத்தை வரைந்துகொண்டிருந்தாள். பசையும் மரமும் இருப்பதிலேயே குறைவாகச் செலவாகி, காற்றில் தேங்கி நிற்பது போல மெதுவாகப் பறந்து, ஒரு வரப்பு அகலம் கிடைத்தால்கூடப் போதும் என்று இறங்கக்கூடிய ஒன்று. மொத்தம் பதினாலு தாள். பதிமூன்றை முடித்திருந்தாள். பதினாலாவது, இறங்கும் தாள், இன்னும் அவள் தலைக்குள்தான் இருந்தது. தம்பிக்கு மூன்றாம் வருஷத் திதி கொடுக்க அவள் ஆற்றங்கரைக்குப் போன நாளில் வீட்டுப் பூட்டு உடைந்தது. பதிமூன்று தாளும் போய்விட்டன.

எட்டு மாதம் கழித்து, ஒரு தை மாதத்துக் காலையில், மேளதாளத்தோடு பொங்கியண்ணன் தன்னுடைய புது விமானத்தில் தானே ஏறினார். ஓட்டுவதைச் சென்னியப்பனிடமே கற்றிருந்தார். விமானம் அழகாக ஏறியது, மில்லைச் சுற்றியது, குளத்தைச் சுற்றியது, ஊரைச் சுற்றியது. மதியச் சோற்றுக்கு இறங்குவார் என்று இலை போட்டிருந்தார்கள். அவர் இறங்க வந்தார். தரைக்கு இரண்டு பனை உயரம் இருக்கும்போது, தண்ணீருக்கு மிரளும் எருமையைப் போல விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு திரும்பவும் மேலே போனது. இருபது தடவை வந்தார், இருபது தடவையும் போனார். பெட்ரோல் சாயங்காலத்துக்குள் தீர்ந்தது, எஞ்சின் நின்றது. விசிறி மட்டும் ராட்டை சுற்றுகிற சத்தத்தோடு தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது, விமானமும் அப்படியே பறந்துகொண்டிருந்தது.

இரண்டாம் நாள் குளத்தங்கரையில் பஞ்சுப் பொதிகளை மலையாகக் குவித்து, குதிக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் அவர் ஒரு காலை வெளியே வைப்பதும் உள்ளே இழுப்பதுமாக இருந்தார். மூன்றாம் நாள் பஞ்சு மில்லுக்குத் திரும்பியது, ஏனென்றால் நூற்பதற்குப் பஞ்சு வேண்டியிருந்தது. நாலாம் நாள் மில் வாட்ச்மேன் ரங்கய்யன் தண்ணீர் டேங்கின் உச்சியில் ஏறி, நீள மூங்கிலின் நுனியில் சோற்றுக் கூடையைத் தொங்கவிட்டு நின்றான், முதலாளி கையை நீட்டி எடுத்துக்கொண்டார். அதோடு ஊர் சமாதானமாகிவிட்டது.

அதன் பிறகு அது ஒரு வாழ்க்கையாகிவிட்டது. ஒரு சுற்றுக்குக் கால் மணி நேரம் என்பதால் ஊரில் கடிகாரத்துக்கு வேலை இல்லாமல் போனது, ரெண்டு சுத்துல வந்தர்றேன் என்று சொல்லிவிட்டுப் போனார்கள், முட்டையை அரைச் சுற்று வேகவைத்தார்கள். கோழிகள் முதலில் குஞ்சுகளை இழுத்துக்கொண்டு ஒளிந்தன, பிறகு ஒளிவதையே மறந்தன, அந்த வருஷம் பருந்துகளுக்கு நல்ல வருஷமாக இருந்தது. சாமி தேர் புறப்பட்டபோது, சாமிக்கு மேலே மனுசன் கால் போகலாமா என்று ஒரு வழக்கு எழுந்து, பூசாரி இரண்டு நாள் யோசித்து, அவர் கோயிலையும் சேர்த்துத்தான் சுற்றுகிறார், அதனால் இதைப் பிரதட்சணம் என்று வைத்துக்கொள்ளலாம் என்று தீர்ப்புச் சொன்னார். மில்லில் வேலைநிறுத்தம் வந்தபோது தொழிலாளிகள் மைதானத்தில் மல்லாக்கப் படுத்துக்கொண்டு மேலே பார்த்துக் கோஷம் போட்டார்கள். முதலாளி உத்தரவுகளைக் காகிதத்தில் எழுதி நூல் கண்டில் சுற்றிப் போட்டார். எலெக்ஷன் வந்தது, ஓட்டுச் சீட்டு கூடையில் மேலே போய்க் கூடையில் கீழே வந்தது. மகள் சௌந்தரத்துக்குக் கல்யாணம் நடந்தபோது பந்தலின் நடுவில் கூரை பிரித்துவிட்டிருந்தார்கள், தாலி கட்டுகிற நேரத்துக்குச் சரியாக அப்பனின் அட்சதை வானத்திலிருந்து விழுந்தது. சம்பந்தி வீட்டார் அதைக் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொண்டார்கள்.

இறங்கும் தாள் பூவாத்தாளின் தலைக்குள் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். முதல் வாரமே முதலாளியின் மனைவி சின்னம்மிணி பட்டறைக்கு வந்து வாசலில் நின்றார்.

"உள்ள வாங்க" என்றாள் பூவாத்தாள்.

"நான் உக்கார வரலை, பூவாத்தா. அந்த ஒத்தைத் தாளைப் போட்டுக் குடுத்துரு. நீ என்ன கேட்டாலும் தர்றேன்."

"எனக்கொண்ணும் வேண்டாங்க. என்ற தம்பிகிட்ட அன்னைக்கு என்ன சொல்லி ஏத்திவிட்டாருன்னு, செவ்வாய்க்கிழமை சந்தையில, சனம் கேக்கற மாதிரி அவரு வாயால சொல்லட்டும். சொன்ன அன்னைக்கே போட்டுக் குடுத்தர்றேன்."

"என்ன சொன்னாரு?"

"அவரைக் கேளுங்க."

சின்னம்மிணி டேங்கின் மேல் ஏறி நின்று கேட்டார். அடுத்த சுற்றில் ஒரு நூல் கண்டு விழுந்தது. 'அவ பொய் சொல்றா' என்று எழுதியிருந்தது. சின்னம்மிணி அந்தக் காகிதத்தை மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டார், அதற்குமேல் பட்டறைக்குப் போகவில்லை.

இப்படி ஒன்பது வருஷம் போனது. வெள்ளைக்காரர்கள் கப்பலேறிப் போனது கீழே நடந்தது, அவருக்குக் கொடி மட்டும் தெரிந்தது. மழையிலும் பனியிலும் அவர் தாடி வயிறு வரைக்கும் வளர்ந்தது. ஒவ்வொரு சுற்றிலும் விமானம் பூவாத்தாள் பட்டறையின் ஓட்டுக்கு மேலே போகும். அப்போதெல்லாம் அவள் உளியை நிறுத்தி, நிழல் தன் கையைக் கடந்து போகும் வரை பார்ப்பாள், பிறகு செதுக்குவாள். பொண்ணு கேட்டு வந்தவர்களை அனுப்பிவிட்டாள். பெங்களூரில் வரைபட வேலைக்குக் கூப்பிட்டு ஆள் வந்தபோது, "இங்க ஒரு வேலை பாக்கி இருக்குதுங்க" என்று சொல்லிக் காப்பி கொடுத்து அனுப்பினாள். அவளுக்கு முடி நரைத்தது. சாப்பாடு ருசித்தது என்று அவள் சொல்லி யாரும் கேட்டதில்லை.

பத்தாம் வருஷம் சௌந்தரத்துக்குக் குழந்தை பிறந்தது, பெண் குழந்தை. அது முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியதும், தாத்தா பார்க்கட்டும் என்று டேங்கின் மேலே தூக்கிக்கொண்டு போய் நின்றாள். பொங்கியண்ணன் கையை நீட்டினார். குழந்தையும் கையை நீட்டியது. நடுவில் ஒரு சாண் இருந்தது. மறுபடி வந்தார், மறுபடி ஒரு சாண். அன்று முழுக்க அப்படி முப்பது நாற்பது தடவை வந்தார், குழந்தை ஒவ்வொரு தடவையும் இன்னும் அதிகமாகச் சிரித்தது, கடைசியில் சௌந்தரம்தான் தாங்க முடியாமல் குழந்தையை முந்தானையால் மூடிக்கொண்டு இறங்கினாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை சந்தை நிறைந்திருந்தபோது விமானம் என்றும் இல்லாத அளவு தாழ வந்தது. சனங்கள் தலைக்கூடைகளைப் பிடித்துக்கொண்டார்கள். பொங்கியண்ணன் பாதி உடம்பை வெளியே நீட்டி, தகரக் குழாயை வாயில் வைத்துச் சொன்னார்.

"ஏறக் கூடாதுன்னு அவ எழுதி வெச்சிருந்தா. நாந்தான் அழிச்சேன். அவ சரின்னுட்டான்னு நாந்தான் சொல்லி ஏத்துனேன்."

தக்காளிக் கடை முன்னால் குனிந்திருந்த பூவாத்தாள் நிமிர்ந்தாள். சந்தையில் தராசுத் தட்டுகூட ஆடவில்லை. அவள் அடுத்த சுற்று வரும் வரை கால் மணி நேரம் அதே இடத்தில் நின்றாள், எல்லோரும் அவளோடு நின்றார்கள். விமானம் வந்ததும் மேலே பார்த்து, "மாட்டுச் சந்தைப் பக்கம் கேக்கலைங்களாம். இன்னொருக்காச் சொல்லுங்க" என்றாள்.

சொன்னார்.

"அந்தப் படத்துல தப்பு இருந்துச்சுங்களா?"

இந்தக் கேள்விக்கு அவர் ஒரு சுற்று எடுத்துக்கொண்டார். வந்து, "இல்லை" என்றார்.

"மூணாந்தரமும் சொல்லிப்போடுங்க. அவனுக்குக் கேக்கணும்."

மூன்றாம் தடவை சொல்லும்போது குரல் உடைந்து தகரக் குழாய்க்குள் வெறும் காற்றாக வந்தது. சாக்பீஸ் எழுத்தை அன்றைக்குப் பார்த்தவர்களில் மூன்று பேர் சந்தையிலேயே இருந்தார்கள். ஒருவர் தன் கடையை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போனார். ரங்கய்யன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான்.

பூவாத்தாள் சொன்ன சொல் தவறவில்லை. பட்டறைக் கதவைத் திறந்துவைத்து, யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும் என்று எல்லோர் முன்னாலும் உட்கார்ந்து, விளக்கு வைப்பதற்குள் பதினாலாவது தாளை முடித்தாள். காற்று எந்தப் பக்கமிருந்து வர வேண்டும், வேகத்தை எங்கே அவிழ்க்க வேண்டும், மூக்கை எவ்வளவு தாழ்த்த வேண்டும் என்று ஏழு படியாக எழுதியிருந்தாள். ஆறு படி எந்த ஓட்டுநருக்கும் புரியும். ஏழாவது படியில், தரை இரண்டு பனை உயரத்தில் வரும்போது இரண்டு கையையும் ஓட்டும் பிடியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொள்ள வேண்டும், மிச்சத்தை இறக்கை பார்த்துக்கொள்ளும் என்று இருந்தது.

தாள் சோற்றோடு கூடையில் போனது. ஊரே மைதானத்தில் கூடியது. பொங்கியண்ணன் படித்தார். ஆறு படியும் சரியாகச் செய்தார். விமானம் இதுவரை வராத நிதானத்தில், ஒரு கொக்கு போல, மைதானத்துக்கு நேராக வந்தது. இரண்டு பனை உயரம் வந்தது. அவர் கைகள் பிடியிலேயே இருந்தன. விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு மேலே போனது.

நூல் கண்டு விழுந்தது. 'கையை விட்டால் விழுந்து சாவேன் என்று அவளுக்குத் தெரியும். பழி தீர்க்க எழுதியிருக்கிறாள்.'

ஊர் இரண்டாகப் பிரிந்தது. சந்தையில் அத்தனை பேர் முன்னால் கேட்டவள் விடுவாளா, அவர் பயப்படுவது நியாயந்தான் என்று பாதிப் பேர் சொன்னார்கள். பூவாத்தாள் யாரிடமும் வாதாடவில்லை. சின்னம்மிணிதான் ஒரு நாள் காலையில் பழைய பஞ்சுக் கிடங்கின் சாவியைக் கொண்டுவந்து, மரத் தூள் கிடந்த பலகையில் வைத்தார்.

"நீ ஒண்ணு கட்டு. உன்ற தாளை வெச்சு நீயே எறங்கிக் காட்டு. கண்ணால பாத்தா நம்புவாரு."

"கட்டறேன்" என்றாள் பூவாத்தாள்.

அவள் கட்டக் கூடாது என்ற பழைய கடிதத்தை ரத்து செய்து இன்னொரு கடிதம் வந்தது. ஏழு மாதத்தில், எட்டு மாதம் காய்ந்து கிடந்த மரத்தில், அச்சு அசலாக அதே விமானத்தை அவள் கட்டினாள். வால் பக்கம் சென்னியப்பன் என்று எழுதினாள். தானே ஏறினாள், பொங்கியண்ணனுக்குப் பக்கத்திலேயே, முகம் தெரிகிற தூரத்தில் ஒரு சுற்று பறந்தாள். இருவரும் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவள் மைதானத்துக்கு நேராக வந்து, அவருக்கு நன்றாகத் தெரியும்படி இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, மடியில் வைத்துக்கொண்டாள். விமானம் ஒரு இலை போல உட்கார்ந்தது.

அவர் இறங்கவில்லை. அவள் மறுநாளும் ஏறி இறங்கினாள், அதற்கு மறுநாளும். நாற்பது நாள், வேலைக்குப் போகிறவளைப் போல, அவர் கண் முன்னால் ஏறி இறங்கினாள். நாற்பத்தோராம் நாள் சின்னம்மிணி புதுச் சேலை கட்டிக்கொண்டு வந்து, "என்னையக் கூட்டிட்டுப் போ" என்றார். பின் இருக்கையில் உட்கார்ந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு மேலே போனார். பக்கத்தில் போனதும் கண்ணைத் திறந்து, கடந்து போய்விடாமல் பக்கத்திலேயே இருக்கிற புருஷனைப் பத்து வருஷத்துக்குப் பிறகு பார்த்தார்.

"கையை விட்டுருங்க. ஒண்ணும் ஆகாது. இப்ப நானே இதுலதான் எறங்கப் போறேன்" என்று கத்தினார்.

"அவ உன்னையும் ஏமாத்தறா" என்று அவர் திருப்பிக் கத்தினார். "அவளுதுல ஒரு வித்தை இருக்குது. எனக்குக் குடுத்த தாள்ல அது இல்லை. அவ இடத்துல நான் இருந்தா அப்பிடித்தான் செய்வேன்."

சின்னம்மிணி பூவாத்தாளின் தோளைத் தட்டி இறக்கச் சொன்னார். கீழே இறங்கியதும் மைதானத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ரங்கய்யன் கொடுத்த தண்ணீரைக் குடித்தார். "கூடையை நிறுத்தாதே. வேளா வேளைக்கு அனுப்பு. ஆனா இனி என்னைய டேங்கு மேல கூப்பிடாதே" என்று அவனிடம் சொன்னார். அவன் போன பிறகு, சக்கரத்துக்குக் கட்டை வைத்துக்கொண்டிருந்த பூவாத்தாளிடம் வந்தார்.

"அந்தத் தாள்ல ஒண்ணும் மறைக்கலையே?"

"இல்லைங்க."

"அவரு நம்ப மாட்டாருன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

பூவாத்தாள் கட்டையைக் காலால் நெருக்கிவிட்டு, கையில் ஒட்டியிருந்த மண்ணைச் சேலையில் துடைத்தாள்.

"தெரியுங்க. அதனாலதான் ஒரு எண்ணுகூடப் பிசகாமப் போட்டேன்."

விமானத்தின் நிழல் அவர்கள் இருவர் மேலும் போனது. யாரும் மேலே பார்க்கவில்லை. "வீட்டுல சாப்பிட்டுப் போலாம், வாங்க" என்றாள் பூவாத்தாள். சின்னம்மிணி கொஞ்ச நேரம் நின்றார், பிறகு கூடவே நடந்தார்.